டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் தீ ஆடும்: எங்கள் வீட்டு ஆயில் பாய்லர்

குடும்பத்தோடு வட அயர்லாந்துக்கு வரப்போகிற நண்பர் ஒருவர், வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டில் ஆயில் பாய்லர் (எண்ணெயை எரித்து வீட்டையும் குளிக்கும் நீரையும் சூடாக்கும் கருவி) இருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டார். போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் பாய்லரின் ரிப்பேர் போன வாரம்தான் முடிந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டு படியுங்கள்.

இந்த ஊரில் ஆயில் பாய்லர் இல்லாத வீடு தேடுவது கஷ்டம். இயற்கை எரிவாயு ஸ்காட்லாந்திலிருந்து கடலடிக் குழாய் வழியாக இங்கே வந்து சேர்ந்ததே 1996இல்தான். பெல்ஃபாஸ்ட்டைத் தாண்டிக் கிராமப்புறம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு தோட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் டேங்க் நிற்கும். உள்ளே இருப்பது நமக்குப் பழகிய மண்ணெண்ணெய்தான். லாரிக்காரர் வந்து 500 லிட்டர், 900 லிட்டர் என்று நிரப்பிவிட்டுப் போவார். அவசரத்துக்கு பெட்ரோல் பங்க்கில் 20 லிட்டர் கேனிலும் கிடைக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலையில்கூட, சுவிட்சைப் போட்டுக் காபி குடித்து முடிப்பதற்குள் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சூடேறிவிடும். வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தாலும் வெந்நீர் தீராது. எங்களுடையது கண்டென்சிங் வகை, புகையோடு வெளியே போகும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும், அதனால் எண்ணெய் வீணாவது குறைவு. உக்ரைன் போர் தொடங்கிய கையோடு, 2022 மார்ச்சில் மண்ணெண்ணெய் விலை எகிறியபோது வயிறு எரிந்தது உண்மை. ஆனால் அதற்குப் பாய்லர் என்ன செய்யும்?

என் சண்டையெல்லாம் தீயோடுதான்.

பாய்லருக்குள் எண்ணெயை எரிக்கும் பர்னர் சரியாக வேலை செய்தால் அதன் சத்தம் ஒரே சீராக இருக்கும். முதலில் ஃபேன் சுற்றும், ஸ்பார்க் அடிக்கும், 'புஸ்'ஸென்று தீ பிடிக்கும், அப்புறம் ஏற்ற இறக்கமில்லாத ஒரு முழக்கம். எங்கள் வீட்டில் அந்த முழக்கம் திடீரென்று ஏறும், இறங்கும், திணறும். சில நேரம் தானாகவே சமாளித்துக்கொள்ளும். சில நேரம் அணைந்து, லாக்-அவுட் ஆகி (பாய்லர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு), சிவப்பு விளக்கு எரியும். இது நடப்பது பெரும்பாலும் விடியற்காலையில்.

இது ஏன் என்று புரிய உள்ளே நடப்பது தெரிய வேண்டும். ஊரில் பம்ப் ஸ்டவ் பார்த்தவர்களுக்கு இது பாதி தெரிந்த கதை. அங்கே கையால் காற்றடிக்கிறோம், இங்கே ஒரு சின்ன கியர் பம்ப் மண்ணெண்ணெயை இழுத்து, 7 முதல் 10 பார் அழுத்தத்தில் நாஸில் என்ற நுண்துளை முனை வழியாகப் பூப்பூவாகத் தூவுகிறது. ஃபேன் தரும் காற்றோடு கலந்து அது எரிகிறது. தீ இருக்கிறதா என்று ஒரு ஃபோட்டோசெல் பார்த்துக்கொண்டே இருக்கும். வெளிச்சம் போனால் எண்ணெயை நிறுத்திவிடும். ஒரு வித்தியாசம்: ஸ்டவ் நாஸிலை ஊசியால் குத்திச் சுத்தம் செய்வோம், இந்த நாஸிலில் ஊசியைக் கொண்டுபோகவே கூடாது. துளை கொஞ்சம் சிதைந்தாலும் தூவல் கெட்டுவிடும். சர்வீஸின்போது புதிதாக மாற்றிவிடுவதுதான் வழக்கம்.

ஆகவே தீ ஆடுகிறது என்றதும் வருகிறவர்கள் எல்லோரும் பர்னரைத்தான் பிரிப்பார்கள். எங்களுக்கும் நாஸில் மாற்றினார்கள். ஸ்பார்க் அடிக்கும் எலக்ட்ரோடு இடைவெளி பார்த்தார்கள். ஃபோட்டோசெல் மாற்றினார்கள். பம்ப் அழுத்தத்தையும் புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடையும் அளந்து, எல்லாம் சரி என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பில்லும் கொடுத்தார்கள். டேங்க்கில் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று குச்சியில் பசை தடவிப் பார்த்தார்கள். தண்ணீர் பட்டால் அந்தப் பசை நிறம் மாறும். மாறவில்லை.

நான் ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன். லாரி வந்து நிரப்பிவிட்டுப் போனால் பாய்லர் ஒழுங்காக ஓடுகிறது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் தீ ஆட ஆரம்பிக்கிறது. ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாய்லர்காரர் பர்னரில் குறையில்லை என்றார், எண்ணெய் விற்றவர் எண்ணெய் சுத்தம் என்றார், டேங்க் வைத்தவர் டேங்க் நன்றாக இருக்கிறது என்றார். மூவர் சொன்னதும் உண்மை. டேங்க்குக்கும் பர்னருக்கும் நடுவில் இருக்கும் செப்புக் குழாய்க்குத்தான் பொறுப்பாளி யாரும் இல்லை. எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான், இப்போதும் அதுதான்.

கடைசியாக வந்தவர் கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் தோட்டத்தைப் பார்த்தார். எங்கள் தோட்டம் சரிவு. டேங்க் கீழே, பாய்லர் மேலே. டேங்க் நிறைந்திருக்கும்போது எண்ணெய் மட்டம், தீப்பிடித்தால் எண்ணெயை நிறுத்த பாய்லர் பக்கத்தில் வைத்திருக்கும் ஃபயர் வால்வைவிட உயரம், எண்ணெய் தானாக வரும். பாதிக்குக் கீழே போனால் மட்டம் வால்வைவிடத் தாழ்ந்துவிடும், அதற்குமேல் பம்ப் உறிஞ்சித்தான் இழுக்க வேண்டும். அவர் பம்புக்கு முன்னால் கண்ணாடிபோல் தெரியும் ஒரு குழாய்த் துண்டை மாட்டி, பர்னரை ஓட விட்டார். உள்ளே ஊசிமுனை அளவுக் குமிழ்கள் வரிசையாக ஓடின. ஒரு பெரிய குமிழ் சேர்ந்து பம்புக்குள் நுழைந்தது, அதே நொடியில் முழக்கம் திணறியது. 'அவ்வளவுதான்' என்றார்.

ஃபயர் வால்வின் ஒரு மூட்டில்தான் கோளாறு. ஆலிவ் என்ற உலோக வளையம் போட்டு இறுக்கிய மூட்டு, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. உறிஞ்சும் பக்கம் என்பதால் எண்ணெய் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். டேங்க் நிறைந்த நாட்களில் மட்டும் அங்கே லேசாக மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். எண்ணெயைப்போல் இல்லாமல் காற்று அமுங்கக்கூடியது. அது நாஸில் பக்கம் போனால் அழுத்தம் விழுந்து தீ சுருங்கும். பர்னர் நின்ற பிறகு அதே காற்று விரிந்து, மிச்ச எண்ணெயைச் சொட்டவிட்டுக் கரி பிடிக்க வைக்கும்.

மூட்டைக் கழற்றி, குழாயின் வாயை விரித்துப் பொருத்தும் ஃபிளேர் மூட்டாக மாற்றினார். பழையதில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெய்க் குழாயில் அது கூடாது, பிசிறு உதிர்ந்து அடைத்துக்கொள்ளும். கூடவே டைகர் லூப் எனப்படும் காற்றுநீக்கியைச் சுவரில் பொருத்தினார். இழுக்கும் எண்ணெயிலுள்ள காற்றை அது பிரித்துவிடுகிறது. இப்போது டேங்க் கால்வாசிக்கு வந்துவிட்டது, சத்தம் சீராகவே இருக்கிறது.

ஆகவே நண்பரே, வீடு பார்க்கப் போகும்போது டேங்க் உயரமா, பாய்லர் உயரமா என்று பாருங்கள். டேங்க் தாழ்ந்திருந்தால் காற்றுநீக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். லாக்-அவுட் ஆனால் ரீசெட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்காதீர்கள். எரியாத மண்ணெண்ணெய் உள்ளே தேங்கி ஒரேயடியாகப் பற்றினால் விபரீதம். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வையுங்கள். வேலைக்கு ஆஃப்டெக் (ஆயில் பாய்லர் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு உள்ளவரைக் கூப்பிடுங்கள், பர்னரைத் தொடுவதற்கு முன் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாய்லர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நியாயமாக மார்க் போட்டால் ஐந்துக்கு நாலரை. ஆனால் பொறுப்பாளி இல்லாத அந்தக் குழாயை நினைத்தால், சொந்தமாக வீடு வாங்கும்போது நான் ஆயில் பாய்லர் வைக்க மாட்டேன். நீங்களும் வேறு வீடு கிடைக்கிறதா என்று இன்னொரு தரம் தேடிப் பாருங்கள்.