ஈ.ஈ.ஜி. எடுக்கப் போகிறவர்கள் கவனம்: எனக்கு 16,500 ரூபா போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது, கதைத்துக்கொண்டு இருக்கும்போதே பத்து விநாடி அப்படியே வெறித்துப் பார்ப்பாள், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். இது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம் என்று டொக்டர் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னார், அதாவது தலையில் வயர்களை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை. அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி தள்ளிப் போகும் என்று பயந்து, காலி வீதிப் பக்கம் ஒரு தனியார் சோதனை நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். 16,500 ரூபா. கவுண்டரில் இருந்த பிள்ளை, "பயப்படாதீங்க அங்கிள், எங்கட ரிப்போட் எந்த டொக்டருக்கும் ஓகே" என்றது. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் காசை எண்ணி வைத்தேன்.

ரிப்போட் ஒரே ஒரு தாள். வேகமாக மூச்சு விடவைத்தபோது மாற்றம் இல்லை, எல்லாம் நோமல் என்று இருந்தது. டொக்டர் மகளைப் பார்த்து, "உங்கள ஊதச் சொன்னவங்களா?" என்று கேட்டார். "இல்ல டொக்டர், கண்ண மூடிப் படுக்கத்தான் சொன்னவங்க."

இந்த வகை வலிப்பு, பிள்ளையை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விட்டு ஊத வைக்கும்போதுதான் பெரும்பாலும் பதிவில் வெளியே வரும், விநாடிக்கு மூன்று தடவை கூர் அலையாக. செய்யவே இல்லை, செய்ததாக எழுதியிருக்கிறார்கள்! தொடங்கியது 10.05, முடிந்தது 10.16 என்று அதே தாளில் இருக்கிறது, குறைந்தது 20 நிமிடம் எடுக்க வேண்டிய சோதனை. போதாததற்கு, பையன்களுக்குப் போடுகிற மாதிரி என் மகளின் பெயருக்கு முன்னால் 'மாஸ்டர்' என்று இருக்கிறது. யாரோ பையனுடைய ரிப்போட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

போன் எடுத்தால் டெக்னீசியன் லீவு. அடுத்த நாள், ரிப்போட் போட்ட டொக்டர் புதன்கிழமைதான் வருவாராம். நேரில் போனேன், மனேஜர் சிரித்துக்கொண்டே, "நோமல் என்று வந்ததுக்கு சந்தோஷப்படுங்களேன்" என்றார். அந்த அலைப் பதிவையாவது தாருங்கள் என்றால், அதை வைத்திருப்பதில்லையாம். 16,500 ரூபாவுக்கு ஒரு தாள்!

ஈ.ஈ.ஜி. ரிப்போட் எழுதுவதற்கு ஸ்கோர் (SCORE) என்று ஒரு பொது முறை 2013இலேயே வந்து, 2017இல் திருத்தியும் விட்டார்கள் என்று டொக்டர் சொன்னார். அதில் ஆளாளுக்கு இஷ்டப்படி வசனம் எழுதுவது இல்லை. என்ன அலை, மூளையின் எந்தப் பக்கம், ஊத வைத்தார்களா, பிள்ளை ஒழுங்காக ஊதியதா என்று ஒவ்வொன்றையும் தெரிவு செய்து நிரப்ப வேண்டும். இங்கே யார் கேட்கிறார்கள்?

சரி, போகிறவர்கள் காசு கட்டமுதல் எத்தனை நிமிடம், ஊத வைப்பீர்களா, பதிவை சிடியில் தருவீர்களா என்று கேளுங்கள். பிள்ளையோடு உள்ளே இருங்கள், நான் வெளியே போனில் இருந்தேன். பில்லை எறிய வேண்டாம். திங்கட்கிழமை வேறு இடத்தில் மறுபடி எடுக்கிறோம். தலைமயிரில் அந்தப் பசையைத் திரும்பவும் பூசுவார்களா என்று மகள் இப்பவே கேட்கத் தொடங்கிவிட்டாள்.