"நல்ல தண்ணி மீன்தான்" என்று சொல்லி விற்கப்படும் பச்சைப் பேத்தை: வாங்கும் முன் படியுங்கள்

ஒரு வண்ணமீன் கடையில் நான்கு பச்சைப் புள்ளிப் பேத்தைக் குஞ்சுகள் வாங்கினோம். கடைகளில் இதற்குக் கிரீன் பஃபர், ஸ்பாட்டெட் பஃபர் என்று பெயர். விற்கும்போது கடைக்காரர் சொன்னது இது: "பக்கா நல்ல தண்ணி மீன் சார். ரெண்டடி தொட்டியில நாலு தாராளமா விடலாம். தண்ணி மாத்தும்போது ஒரு ஸ்பூன் கல் உப்பு போடுங்க, போதும்." நான்காவது மாதம் முடிவதற்குள் மூன்று மீன்கள் செத்துவிட்டன. திரும்பப் போய்க் கேட்டபோது, "உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல, உயிர் மீனுக்கு கேரண்டி கிடையாது" என்று முடித்துவிட்டார்கள். தண்ணீர், இடம், உப்பு என்று அவர்கள் சொன்ன மூன்றுமே தவறு. இதே பேச்சோடு இதே மீன் பல கடைகளில் விற்பனையாகிறது என்பதால்தான் விவரமாக எழுதுகிறோம்.

இது முகத்துவாரத்து மீன். ஆறு கடலில் கலக்கும் இடங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் வாழ்வது. இலங்கையிலிருந்து இந்தோனேசியா வரை, வடக்கே சீனா வரை பரவியிருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் உப்புக் குறைந்த தண்ணீரில் சுற்றும். வளர வளர உப்பு கூடிய பக்கம் நகரும். கடைக்கு வருவது இரண்டு, மூன்று செ.மீ. குஞ்சு. வளர்ந்தால் 15 செ.மீ. வரை போகும், ஒழுங்காக வைத்தால் பத்து வருடம் உயிரோடிருக்கும். இரண்டடி தொட்டியில் பிடிப்பது ஏறக்குறைய 50 லிட்டர். வளர்ந்த ஒரு பேத்தைக்குக்கூட அது போதாது, நான்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கேரளத்து ஆறுகளைச் சேர்ந்த குட்டிப் பேத்தை, அதாவது பீ பஃபர், உண்மையிலேயே நல்ல தண்ணீர் மீன். வளர்ந்தாலும் மூன்று செ.மீ.க்கு மேல் பெரிதாகப் போகாது. பச்சைப் பேத்தையின் குஞ்சும் அதே அளவில் இருப்பதால், "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். முதுகைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பச்சைப் பேத்தையின் முதுகு பளிச்சென்ற மஞ்சள்பச்சை, அதன்மேல் மையால் வைத்த பொட்டு மாதிரி வட்டமான கறுப்புப் புள்ளிகள், வயிறு வெள்ளை. பீ பஃபரின் நிறம் மங்கிய மஞ்சள்பழுப்பு. திட்டுகள் ஒழுங்கில்லாமல் இருக்கும்.

"கடையில நல்லாத்தானே நீந்துது" என்ற வாதத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். குஞ்சு நல்ல தண்ணீரைச் சில மாதங்கள் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் தாங்குவது வேறு, வாழ்வது வேறு. மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு நல்ல தண்ணீரில் உள்ளதைவிட மிக அதிகம். அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். சிறுநீரகமும் செவுளும் ஓயாமல் உழைத்து அதைச் சரிக்கட்ட வேண்டும். பிறவியிலேயே நல்ல தண்ணீர் மீனாக உள்ளதற்கு இது வாடிக்கையான வேலை. வளர்ந்துவரும் பேத்தைக்கு இது மெதுவாகக் கொல்லும் சுமை. முதலில் வெள்ளை வயிறு சாம்பல் நிறமாகும். பிறகு வாலை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு மூலையில் கிடக்கும். பசி குறையும், வெள்ளைப்புள்ளி நோய், பூஞ்சை எல்லாம் சுலபமாகத் தொற்றும். இதற்குள் மாதங்கள் ஓடிவிடுவதால், பழியைக் கடைக்காரர் உங்கள் தண்ணீர்மேல் போட்டுவிட முடிகிறது.

இனி அந்த ஒரு ஸ்பூன் உப்பைப் பார்ப்போம். ஸ்பூன் ஒன்றுக்கு 5, 6 கிராம். 50 லிட்டரில் அது லிட்டருக்கு 0.1 கிராம். வாராவாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பூன் போட்டு, எத்தனை மாதம் சேர்ந்தாலும் லிட்டருக்கு அரை கிராமைத் தாண்டாது. குஞ்சுக்கே தேவைப்படுவது லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம்.

உப்பின் அளவோடு அதன் வகையும் முக்கியம். கல் உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே என்று கேட்பார்கள். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்கூட்டியே படிந்துவிடும். அதன் பிறகு சமையல் உப்பு படியும். மக்னீசியம் மிகுந்த கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். ஆகவே கையில் கிடைப்பது பெரும்பாலும் வெறும் சோடியம் குளோரைடு. தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும், அதாவது அமில-காரத் தன்மையையும், அது தாங்கிப் பிடிக்காது. இந்த மீனுக்கு பி.எச். 8-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு மரைன் சால்ட்தான் வேண்டும், அதாவது கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பு. கடல்மீன் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அடியில் பவளத்தூள் பரப்பினால் பி.எச். இறங்காமல் நிற்க இன்னும் உதவும்.

தண்ணீரில் உள்ள உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவுதான், ஆனால் முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே அளவைக் கூட்டிக் காட்டும். நாம் பார்க்க வேண்டிய எண் ஒப்படர்த்தி, அதாவது நல்ல தண்ணீரைவிட இது எத்தனை மடங்கு கனம் என்பது. மீன் வளர்ப்பவர்கள் பேச்சில் எஸ்.ஜி. நல்ல தண்ணீர் 1.000, கடல்நீர் சுமார் 1.026. குஞ்சுக்கு 1.005 முதல் 1.008 வரை, ஐந்தாறு செ.மீ. தாண்டியதும் 1.010, பெரிதானால் 1.015-க்கு மேல்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பதறிப்போய் ஒரே நாளில் உப்பைக் கொட்டிவிடாதீர்கள். மீன் சமாளித்தாலும் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியா சமாளிக்காது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைப்பது அதுதான். அது செத்தால் அம்மோனியா ஏறும். மரைன் சால்ட் போட்டு பி.எச். 7-லிருந்து 8-க்குப் போயிருக்கும் நேரத்தில், அம்மோனியாவின் விஷப்பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகும். பலர் வீட்டில் மீன் சாவது இந்த இடத்தில்தான். எஸ்.ஜி.யை வாரத்துக்கு 0.002-க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கணக்கு இப்படி. மூன்றடிக்கு ஒன்றரையடி தொட்டியில் கல், மணல் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். 0.002 ஏற்ற லிட்டருக்கு 2.7 கிராம், மொத்தம் 400 கிராம். முதல் வாரம் 37 லிட்டர் தண்ணீரை எடுத்துவிட்டு, 400 கிராம் கரைத்த 37 லிட்டரை ஊற்றுங்கள். இரண்டாம் வாரம் நீங்கள் எடுக்கும் தண்ணீரோடு 100 கிராம் உப்பு வெளியே போகும், ஆகவே 500 கிராம் கரைக்க வேண்டும். மூன்றாம் வாரம் 600 கிராம். அத்தோடு 1.006 வந்துவிடும். உப்பை எப்போதும் தனி வாளியில், குளோரின் நீக்கிய தண்ணீரில், ஏர் ஸ்டோன் ஓடவிட்டு ஓர் இரவு முழுக்கக் கரைத்த பிறகே ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றாமல் சிறு குழாய் வழியாக ஒரு மணிநேரம் ஓடவிடுவது நல்லது. ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் மூன்று நாள் அம்மோனியா, நைட்ரைட் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்தால்தான் அடுத்த ஏற்றம். கோடையில் தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும்.

புதிதாக வாங்கிவரும்போதும் இதே கணக்கு. கடைத்தொட்டி 1.000 என்றால் உங்கள் தொட்டியும் 1.000-இல் தொடங்கி மேலே போக வேண்டும். தொட்டி முன்கூட்டியே சைக்கிள் ஆகியிருப்பது, அதாவது ஃபில்டரில் அந்த நல்ல பாக்டீரியா வளர்ந்திருப்பது, கட்டாயம். வலையில் அள்ளித் தூக்காதீர்கள். பயந்து காற்றை விழுங்கி ஊதிக்கொண்டால் அதை வெளியேற்ற மீன் மிகவும் திணறும். ஒரு டப்பாவைத் தண்ணீருக்குள்ளேயே நுழைத்து, நீரோடு மொண்டு மாற்றுங்கள்.

சாப்பாட்டிலும் கடைக்காரர் தவறாகத்தான் சொன்னார். "டியூபிஃபெக்ஸ் கட்டி போடுங்க, அது போதும்" என்றார். அது உலர்த்திய புழுக்கட்டி, ஓடு கிடையாது. பேத்தையின் பற்கள் மேலே இரண்டு, கீழே இரண்டாக ஒட்டிக் கிளி அலகு போலிருக்கும், நிற்காமல் வளரும். ஓட்டைக் கடித்து உடைத்தால்தான் தேயும். தேயாவிட்டால் வாயே திறக்க முடியாமல் பட்டினி கிடந்து சாகும். தொட்டியில் வளர்த்த ராம்ஸ்ஹார்ன் நத்தை, ஓட்டோடு இறால், நண்டுக்கால், மட்டி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். தேவையான அளவு நத்தை போட்டால் ஓடு நொறுங்கும் சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்கும். வயல் நத்தையைப் பிடித்துப் போடாதீர்கள், ஒட்டுண்ணி வரும். இறாலை மட்டுமே தினமும் போட்டால் வைட்டமின் பி1 குறைந்துபோகும். குஞ்சுக்கு தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள், வயிறு லேசாக உருண்டதும் நிறுத்திவிடுங்கள். மிச்சம் வைத்து நாசமாக்கும் மீன் இது. ஃபில்டர் ஒரு மணிநேரத்தில் தொட்டி அளவைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு தண்ணீரைச் சுழற்ற வேண்டும். கூட வேறு மீன் வேண்டாம். கப்பி, கோல்டு ஃபிஷ் போன்றவற்றின் வாலைக் கடித்துக் குதறிவிடும், தன் இனத்தையும் விடாது.

கடையில் நிற்கும்போது வயிற்றைப் பாருங்கள். வெள்ளையாக, லேசாக உருண்டு இருக்க வேண்டும். கறுத்தோ ஒட்டியோ இருந்தால் தொடாதீர்கள். கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். பசியுள்ள பேத்தை ஆளைப் பார்த்ததும் கண்ணாடிக்கு வந்துவிடும். "எஸ்.ஜி. எவ்வளவுல வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள், கேள்வியே புரியாவிட்டால் அங்கு வாங்க வேண்டாம். நோய் கண்டு மருந்து கேட்டால் காப்பர் கலந்ததைத் தருவார்கள். செதிலற்ற இந்த மீனுக்கு அது ஆபத்து.

பில் இல்லாமல் வாங்கியதுதான் எங்கள் வழக்கைக் கெடுத்தது. மீனின் பெயரையும் "நல்ல தண்ணீர் மீன்" என்ற உறுதியையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பொய் விவரம் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. எழுதித் தர மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், மீனை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.