அரிப்பா, தலைமன்னாரா: மலையகத்தவர் முதலில் காண வேண்டிய கரை

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் கடல் பார்க்கப் புறப்படுவோரின் நினைவுக்கு முதலில் வருவது பாசிக்குடாவும் அறுகம்குடாவும்தான். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் கரையேறிய மன்னார்ப் பக்கம் செல்ல விரும்புவோருக்கோ, கையில் ஒரே ஒரு நாள் இருக்குமானால் தலைமன்னாரைப் பார்ப்பதா, அரிப்பு என்ற ஊரைப் பார்ப்பதா என்ற கேள்வி எழுகிறது.

வசதியைக் கருதினால் தலைமன்னாரே முந்தும். மலைநாட்டுக் கோச்சியில் (ரயிலில்) வருவோர் பொல்காவலையில் மாறினால், 2015இல் மீண்டும் திறக்கப்பட்ட பாதை வழியாக இறங்குதுறை வரையே செல்லலாம். வெளிச்சவீட்டின் அருகில், துருவேறிய பழைய இறங்குதுறை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. 1914இல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், தோட்டத்துக்கு ஆள்சேர்த்த கங்காணியோடு வந்தவர்கள் காட்டுவழி நடக்காமல் கோச்சி ஏறினார்கள். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அதே ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட, பின்னாளில் அவர்களில் பலரை ஏற்றிய இராமானுஜம் கப்பல் இராமேஸ்வரத்துக்கே சென்றது. பெற்றோரோ உடன்பிறந்தோரோ இந்தியா போய்விட, இங்கேயே தங்கிவிட்ட பெரியவர்களை அழைத்துச் செல்வதானால், தலைமன்னாரைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன்.

அரிப்பு அப்படியன்று. மன்னார்த் தீவுக்குள் செல்லாமல் பெருநிலக் கரையோரமாகத் தெற்கே போனால் வரும் இந்தச் சிறிய மீனவர் ஊரில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் ஆண்ட கோட்டையொன்று உண்டு. கண்டி அரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1679இல் அருவியாற்றைத் துணையாகக் கொண்டு காட்டைக் கடந்து வந்து சேர்ந்தது இக்கோட்டைக்குத்தான். அவர் மலையிலிருந்து கடலுக்கு இறங்கி வந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் நம்மவர்கள் கடலிலிருந்து மலைக்கு ஏறிப் போனார்கள்.

முத்துக்குளிப்பை மேற்பார்வையிட வந்து தங்குவதற்காக ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையை ஊரார் அல்லி ராணி கோட்டை என்றே அழைக்கிறார்கள். ஆங்கிலேய ஆளுநரின் வீட்டைத் தமிழ்க் கதையின் ராணிக்கு எழுதிவைத்த அந்த மனம் எனக்கு மிகவும் பிடிக்கும். சுவரில் கைவைத்தால், முத்துச்சிப்பியைச் சுட்டு அரைத்த சுண்ணாம்புப் பூச்சு ஓரிடத்தில் பளிங்குபோல் வழுக்குகிறது. அடுத்த சாணில் செங்கல் பல்லைக் காட்டுகிறது. கீழே மண்மேட்டைக் கடல் அரித்துக்கொண்டே வருவதால், சுவரின் பெரிய துண்டுகள் கட்டோடு மணலில் விழுந்து கிடக்கின்றன.

அரிப்பில் தங்குமிடத்தை எதிர்பார்க்க வேண்டாம். இரவுக்கு மன்னார் நகருக்கே திரும்ப வேண்டும். நிழலும் குறைவு. ஆயினும் என் தேர்வு அரிப்புதான். தலைமன்னார்த் துறையை அடுத்த ஆண்டும் பார்க்கலாம். அல்லி ராணி கோட்டையில் மிஞ்சியிருக்கும் சுவர் அதுவரை நிற்கும் என்பதற்கு உறுதியில்லை.

திரும்பும்போது கோச்சியை விட்டு பஸ்ஸில் வாருங்கள். மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை என்று வரும் அந்தத் தெரு, கோப்பித் தோட்டக் காலத்தில் நம்மவர்கள் கால்நடையாய் வந்த வடக்குப் பாதையைப் பெரும்பாலும் ஒட்டியே செல்கிறது. பஸ்ஸில் ஒரு பகலில் கடக்கும் இத்தூரத்தை அவர்கள் தலைச்சுமையோடும் கைக்குழந்தைகளோடும் நாள்கணக்கில் நடந்தார்கள்.