பத்தாயிரம் பூதங்களுக்கு யார் உலை வைப்பது?

முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் தீனி கொடுக்கும் நேரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ராகியையும் கொள்ளையும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்து, பெரிய பெரிய கட்டிகளாகப் பிடித்து வைத்திருப்பார்கள். எந்த யானைக்கு எது எத்தனை கிலோ என்று பலகையில் எழுதியிருக்கும். யானை வாயைத் திறந்ததும் பாகனுக்கு உதவியாளரான காவடி கட்டியைத் தூக்கி உள்ளே தள்ளிவிடுவார். பார்க்கிற நமக்கு அது மலைப்பாக இருக்கும். யானைக்கோ அது பலகாரம் மாதிரிதான். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குப் பசுந்தீவனம் வேண்டும். அதை எந்தச் சமையற்கட்டாலும் போட்டு மாளாது. அதனால்தான் மிச்ச நேரத்தில் காட்டுக்குள் மேய விட்டுவிடுகிறார்கள்.

அங்கே நின்றபோதுதான் நான் எழுதிக்கொண்டிருந்த மிகைபுனைவு நினைவுக்கு வந்தது. அதில் பத்தாயிரம் பூதங்கள் ஒரு மலைக்கணவாயைத் தாண்டி வருகின்றன. ஐந்து அத்தியாயங்கள் நடந்தே வருகின்றன. ஒரு வேளைகூட எதுவும் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை: பூதப்படைக்குச் சோறு போட என்னென்ன வழி இருக்கிறது, அவற்றில் எது நிற்கும்?

முதலில் வயிற்றை அளந்துவிடலாம். ஒரு பூதம் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ ஆளைப்போல் பத்து மடங்கு. ஆனால் தீனி பத்து மடங்கு ஆகாது. உடல் ஆற்றல் செலவு எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, எடையின் முக்கால் அடுக்காகத்தான் ஏறுகிறது என்று மாக்ஸ் கிளைபர் 1932இல் காட்டினார். பத்து மடங்கு எடைக்கு ஏறக்குறைய ஐந்தரை மடங்கு தீனி. நடந்து சண்டை போடும் சிப்பாய்க்கு 3,000 கலோரி என்றால் பூதத்துக்கு 17,000. தானியமாகக் கொடுத்தால் 5 கிலோ, கறியாகக் கொடுத்தால் 10 கிலோ வரும். பத்தாயிரம் பூதங்களுக்கு நாள் ஒன்றுக்கு 50 டன் தானியம்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொன்று தெரிகிறது. 30 கிலோ எடையுள்ள குட்டிச்சாத்தான்கள் இரண்டு சேர்ந்தால் எடையில் ஒரு மனிதன். ஆனால் தின்பதோ மனிதனைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெரிய பூதம்தான் சிக்கனமான சிப்பாய். குட்டிகளின் பெருங்கூட்டம் மலிவு என்றும் ராட்சதர்கள் செலவு என்றும் கதை எழுதுகிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறு.

எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி, பூதங்கள் பிணம் தின்னும் என்பது. தமிழில் இதற்குப் பெரிய மரபே உண்டு. கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்த களத்தில் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் துலக்கிவிட்டுக் கூழ் அடுகின்றன. அந்தக் கூழை மட்டும்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்பு, போர் வராத காலத்தில், அதே பேய்கள் பசியால் ஒட்டி உலர்ந்து காளியிடம் முறையிடுவதை மறந்துவிடுகிறோம். எனக்கு அந்த முறையீடுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் கணக்கும் அதையேதான் சொல்கிறது.

மனித உடலில் தசையில் மட்டும் சுமார் 32,000 கலோரி இருப்பதாக 2017இல் ஜேம்ஸ் கோல் என்ற தொல்லியலாளர் கணக்கிட்டார். ஒரு பூதத்துக்கு இரண்டு நாள் சாப்பாடு கூட இல்லை. சரி, பெரிய போராகவே எடுத்துக்கொள்வோம். கி.மு. 216 ஆகஸ்டில், கன்னே களத்தில், ஒரே நாளில் ரோமானியர் சுமார் 50,000 பேர் மாண்டார்கள். மொத்தம் 160 கோடி கலோரி. நம் படை ஒரு நாளைக்குத் தின்பது 17 கோடி. ஆக, உலக வரலாற்றின் கொடூரமான நாள்களில் ஒன்று பத்தாயிரம் பூதங்களுக்கு ஒன்பது நாள் சாப்பாடு. அந்த ஒன்பது நாளும் கிடைக்காது. ஆகஸ்ட் வெயிலில் மூன்றாம் நாள் பக்கத்தில் நிற்க முடியாது. உப்புக்கண்டம் போடலாம்தான். ஆனால் அத்தனை கறிக்கும் உப்பு வேண்டும், அந்த உப்பை யாராவது சுமந்து வர வேண்டும். தோற்ற நாளில் பட்டினி, ஜெயித்த நாளில் அஜீரணம், களத்துக்கு நடந்து வந்த இருபது நாளும் வெறும் வயிறு. பிணம் ஒரு விருந்து, அவ்வளவுதான். அதை நம்பி நாள்தோறும் உலை வைக்க முடியாது.

அடுத்தது கொள்ளை. இது உண்மையான படைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செய்தது, அதனால் நம்பத்தக்கதாகத் தெரியும். 500 பேர் உள்ள ஓர் ஊர், ஆளுக்கு ஆண்டுக்கு 200 கிலோ தானியம் என்று வைத்தால், அறுவடை முடிந்த மறுநாள் குதிரில் 100 டன் இருக்கும். பூதங்களுக்கு இரண்டு நாள். அறுவடைக்கு இரண்டு மாதம் முன்னால் போனால் அரை நாளுக்குக்கூடத் தேறாது. கொள்ளையில் வாழும் படை ஓரிடத்தில் நிற்க முடியாது, வந்த வழியே திரும்பவும் முடியாது. கோட்டையை முற்றுகை போட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு முன்னால் வெளியே இருப்பவர்கள் பட்டினி கிடப்பார்கள். மங்கோலியர் குதிரைகள் மேயும் புல்லை நம்பிப் போர் செய்தவர்கள், அவர்களுக்கே இது நேர்ந்தது. 1260இல் ஹுலாகு சிரியாவிலிருந்து படையின் பெரும்பகுதியைத் திரும்ப அழைத்துக்கொண்டார். தீவனமும் தானியமும் தீர்ந்துபோனதை ஒரு காரணமாகச் சொல்லி, 1262இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயிக்குக் கடிதம் எழுதினார். விட்டுவிட்டு வந்த சிறு படை அதற்குள் அய்ன் ஜாலூத்தில் தோற்றிருந்தது.

மூன்றாவது, கொள்ளையிலேயே ஒரு கொடூரமான வகை, அது எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவின் மேற்கில் மார்மன் கிரிக்கெட் என்றொரு பறக்காத பூச்சி கூட்டம் கூட்டமாகத் தரையில் நடந்து போகும். அவை தேடுவது புரதமும் உப்பும் என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. புரதமும் உப்பும் மிக அருகில் கிடைக்கும் இடம் முன்னால் போகும் பூச்சியின் உடல். நின்றால் பின்னால் வருவது தின்றுவிடும். குட்டிச்சாத்தான் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைக்காது. தளபதி வேண்டாம், முரசு வேண்டாம், நிற்பவன் இரையாவான் என்பதே கட்டளை. ஆனால் அது நாளுக்கு நாள் தன்னைத் தானே தின்று குறையும் படை. ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது.

எல்லாவற்றையும் கையோடு சுமந்து போவது நான்காவது வழி. இதற்கு நம் தக்காணத்தில் நல்ல உதாரணம் இருக்கிறது. முகலாயப் படைகளுக்குத் தானியம் கொண்டு போனவர்கள் பஞ்சாராக்கள், நாம் லம்பாடி என்று சொல்பவர்கள். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் மாடுகள் ஒரே கூட்டமாகப் போவதைப் பதினேழாம் நூற்றாண்டில் பயணி தாவெர்னியே எழுதி வைத்திருக்கிறார். ஒரு பொதிமாடு 100 கிலோ சுமந்தால் நம் படைக்கு நாளைக்கு 500 மாட்டுப் பொதி. பத்தாயிரம் மாடு கொண்ட கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தால் இருபது நாள் ஓடும். பூதங்கள் பொதியை இறக்கிக்கொண்டு மாட்டையும் தின்றால் இன்னும் பல நாள் கிடைக்கும். ஆனால் அப்படி ஒரு முறை செய்துவிட்டால் அந்த வணிகர் கூட்டம் ஜென்மத்துக்கும் திரும்பி வராது.

இந்த வழியின் உயிர் மாட்டில் இல்லை, வழியோரப் புல்லில் இருக்கிறது. பொதிமாடு மேய்ந்துகொண்டே நடப்பதால்தான் தன் தீவனத்தைத் தானே சுமக்க வேண்டியதில்லை. 1791 மே மாதம் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் போனபோது திப்புவின் ஆட்கள் வழியில் இருந்த தீவனத்தை அழித்துவிட்டார்கள். மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. மே 15ஆம் தேதி அரிகெரெ அருகே சண்டையில் ஜெயித்தும்கூட, கோட்டை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தும்கூட, இழுக்க மாடில்லாமல் முற்றுகைப் பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். 1792 பிப்ரவரியில் மறுபடி வந்தபோது லம்பாடிகளின் பொதிமாடுகள் தானியத்தோடு கூடவே இருந்தன. பூதப்படையைத் தடுக்க நினைக்கும் எந்த அரசனும் கணவாயில் மதில் கட்டுவதற்கு முன்னால் இதைத்தான் படிக்க வேண்டும்.

ஐந்தாவது வழிக்கு வருகிறேன். இதுதான் நிற்கும் என்று நம்புகிறேன். பகாசுரன் வழி. ஏகசக்கர ஊரில் வீட்டுக்கு வீடு முறை வைத்து வண்டி நிறையச் சோறு, வண்டி இழுத்த எருமைகள், ஓட்டிப்போன ஆள். சின்ன வயதில் இதைக் கேட்கும்போது அந்த ஆள் மட்டும்தான் மனதில் நிற்பான். வளர்ந்து படித்தால் வேறொன்று தெரிகிறது. அந்த நாட்டு அரசன் கையாலாகாதவன், பகன் இருப்பதால் வேறு பகைவர் பயம் ஊருக்கு இல்லை. இது காவல் வரி. பகன் ஊரைக் கொளுத்தவில்லை. கொளுத்தினால் அடுத்த வண்டி வராது என்று அவனுக்குத் தெரியும். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் தளபதி வாலன்ஸ்டைன் செய்ததும் இதே வகைதான். ஊர்களைச் சூறையாட விடுவதைக் காட்டிலும், அங்கங்கே உள்ள அதிகாரிகளை வைத்து முறையாகத் தண்டல் வாங்கிப் பெரும்படையைக் காப்பாற்றினார்.

நம் படைக்கு எத்தனை வண்டி? ஆண்டுக்கு 18,250 டன். உழவுக் குடும்பம் ஒன்று ஒன்றரை டன் விளைவித்து, பழைய வழக்கப்படி ஆறில் ஒரு பங்கு கொடுத்தால் கால் டன். 73,000 குடும்பங்கள் வேண்டும். ஒரு பூதத்துக்குப் பின்னால் ஏழு குடும்பங்கள் ஏர் பிடிக்கின்றன. இந்த எண் கையில் வந்ததும் கதையே மாறிவிடுகிறது. பூதங்களுக்கு இப்போது ஒரு நாடு இருக்கிறது, எல்லை இருக்கிறது, கணக்குப்பிள்ளை இருக்கிறார். பூதநாட்டில் பயிர் செய்யும் மனிதர்கள் இருக்கிறார்கள். பக்கத்து நாட்டு வரி மூன்றில் ஒரு பங்காக இருந்தால் அவர்கள் பூதத்தின் பக்கமே நிற்பார்கள்.

இதோடு கும்பகர்ணன் வழியைச் சேர்த்தால் கணக்கு இன்னும் இளகும். கருங்கரடி குளிர்காலத் தூக்கத்தில் உடல் இயக்கத்தைக் கால்வாசிக்குக் குறைத்துவிடுகிறது. பூதங்களும் ஒன்பது மாதம் அப்படித் தூங்கி மூன்று மாதம் விழித்திருந்தால் ஆண்டுக்கு 8,000 டன்னில் முடியும். ஏழு குடும்பம் செய்த வேலையை மூன்று குடும்பம் செய்யும். ஆபத்தும் உண்டு. எப்போது விழிக்கும் என்று எதிரிக்கும் தெரியும், தூங்கும் குகைக்குக் காவல் யார் என்ற கேள்வி வரும். எழுந்ததும் பசி வேறு. கம்பரின் கும்பகர்ணன் கண் விழித்தவுடன் அறுநூறு வண்டிச் சோற்றை விழுங்குகிறான்.

முதலையைப் போலக் குளிர்ந்த இரத்தம் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதே எடைப் பாலூட்டி தின்பதில் பத்தில் ஒரு பங்கு போதும் என்பது உண்மை. ஆனால் முதலை பாய்ந்த வேகத்தில் களைத்துவிடும், குளிர்ந்த இரவில் விறைத்துப் போகும். மலைக்கணவாய்க்கு ஆகாது, ஆற்றங்கரைக் காவலுக்கு ஆகும். மந்திரத்தால் சோறு வரவழைப்பதை நான் சேர்த்துக்கொள்ளவே இல்லை. நாளைக்கு 50 டன் தானியத்தை வரவழைக்கத் தெரிந்தவனுக்குப் படை எதற்கு? பஞ்சத்தில் ஒரு மாதம் சோறு போட்டால் நாடே அவன் காலடியில் இருக்கும்.

கணவாய்ச் சண்டையை நான் அழித்துவிட்டேன். இப்போது என் பூதங்கள் அறுவடை முடிந்து விழிக்கின்றன, தங்கள் நாட்டு எல்லை வரை தண்டல் தானியத்தில் நடக்கின்றன, அதைத் தாண்டினால் பொதிமாட்டை நம்புகின்றன. மூன்றாம் அத்தியாயத்தில் மாடுகளோடு ஒரு கிழவி வருகிறாள். பொதியை இறக்கச் சொல்கிறான் பூதத் தலைவன். அவள் தலைமாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள். "போன தடவை பாக்கியை முடிங்க சாமி, அப்புறம் இறக்குவோம்" என்கிறாள். 600 கிலோ உடம்பு அவளுக்கு முன்னால் குனிந்து, இடுப்பில் பை தேடுகிறது.