அண்ணனின் 106 கிலோவும் என் இடது தோளும்: ஸ்பெக்ட்ரம் கப்பல் விளையாட்டுகள், ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சாப்பாடு எப்படி, அறை எப்படி என்கிற விமர்சனம் இல்லை. அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கப்பலில் இருக்கும் சாகச விளையாட்டுகளுக்கு யாரை விடுவார்கள், யாரை விடமாட்டார்கள், எடை பார்ப்பார்களா, பார்த்தால் எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன் இது எங்களுக்குத் தெரிந்திருந்தால் அண்ணன் ஒரு சாயங்காலம் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்திருக்க மாட்டார்.

2023 மே விடுமுறை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய், மரினா பேயில் ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் ஏறினோம். ராயல் கரீபியனின் கப்பல், 2019-ல் கடலுக்கு வந்தது. நான்கு இரவு, பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூர். நான், மனைவி, எட்டு வயது மகள், பெரிய அண்ணன். அண்ணி விமானம் என்றாலே பயப்படுவார், கப்பல் என்றதும் கும்பிடு போட்டுவிட்டார்.

அண்ணன் வந்ததற்கே காரணம் ஐஃப்ளைதான். தெரியாதவர்களுக்கு: செங்குத்தாக நிற்கும் பெரிய கண்ணாடிக் குழாய், கீழே வலை, அடியிலிருந்து மேல்நோக்கி அசுர வேகத்தில் காற்று. அதில் குப்புறப் படுத்தால் மிதக்கலாம், விமானத்திலிருந்து குதித்தவன் பாராசூட் விரிப்பதற்கு முன் அனுபவிப்பதை அப்படியே ஒரு நிமிடம் அனுபவிக்கலாம். 2014-ல் குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் முதல்முதலாக வைத்தார்கள், அதன் தங்கைக் கப்பல்களிலும் இருக்கிறது. அண்ணன் இதன் வீடியோவை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் போட்ட ஏஜென்ட்டிடம் நான் போனில் கேட்டேன், அண்ணனுக்கு 52 வயது, கொஞ்சம் கனமான உடம்பு, பிரச்சினை இருக்காதே என்று. "எல்லாம் இன்க்ளூடட் சார், யார் வேணும்னாலும் போலாம்" என்றார். சாகச விளையாட்டுகளுக்கு முன்பதிவு செய்து தருகிறேன் என்று தலைக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு தொகையும் வாங்கிக்கொண்டார். அந்த "யார் வேணும்னாலும்" என்ற வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மதியம் எங்கள் முறை. கவுன்டரில் படிவம், பக்கத்தில் ஒரு டிஜிட்டல் எடை மெஷின். அண்ணன் வீட்டு மெஷினில் 103. உயரம் 5 அடி 8 அங்குலம். விதி என்னவென்றால், 6 அடிக்குக் குறைவாக இருப்பவர்கள் 230 பவுண்டுக்கும், 6 அடி தாண்டியவர்கள் 250 பவுண்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். நம் கணக்கில் 104 கிலோ, 113 கிலோ. நான் அங்கேயே நின்று போனில் கணக்குப் போட்டேன், 103 என்றால் தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் காலை காபிக்கு முன் லுங்கியோடு ஏறும் எடை வேறு, இரண்டு நாள் கப்பல் சாப்பாட்டுக்குப் பிறகு ஜீன்ஸும் ஷூவுமாக ஏறும் எடை வேறு. 106.4 காட்டியது.

அண்ணன் விடவில்லை. "கப்பல் ஆடுதுல்ல, அதான் ஏத்திக் காட்டுது" என்றார். சும்மா சொல்லக் கூடாது, அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கப்பல் அலையில் மேலே எழும்பும்போது லிஃப்ட் கிளம்புகிற மாதிரி நம் கனம் கூடத்தான் செய்யும், நூற்றுக்கு இரண்டு பங்கு கூடினாலே 100 கிலோ ஆளுக்கு இரண்டு கிலோ வித்தியாசம். ஆனால் நாங்கள் இருந்தது மலாக்கா நீரிணையில், கடல் கோயில் தெப்பக்குளம் மாதிரி கிடந்தது. கவுன்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றச் சொல்லி மறுபடி ஏற்றினார். 105.6. இன்னொரு முறை. அதேதான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பாராட்டியாக வேண்டும். எண் தெரியும் பக்கம் அந்த ஊழியரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது, வரிசையில் நின்றவர்கள் பார்க்க முடியாது. அவர் எண்ணைச் சத்தமாகவும் சொல்லவில்லை, ஒரு சீட்டில் எழுதி அண்ணனிடம் காட்டினார். சின்ன விஷயம்தான். ஆனால் நம் ஊர் ரயில் நிலையத்தில் காசு போட்டு எடை பார்க்கும்போது பின்னால் நிற்பவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து "அம்பத்தெட்டா, பரவால்லையே" என்று தீர்ப்புச் சொல்லும் உலகத்திலிருந்து போன எங்களுக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது.

ஏன் இந்த எடைக் கணக்கு என்று அண்ணன் கேட்டதற்கு அந்தப் பெண்ணும் பக்கத்தில் இருந்த பயிற்சியாளரும் பொறுமையாகவே சொன்னார்கள். குண்டா ஒல்லியா என்பது இல்லை விஷயம். உடலின் கனம் எவ்வளவு, அந்தக் கனத்தைக் காற்று தாங்குவதற்கு உடலின் பரப்பு எவ்வளவு என்பதுதான். அதே 106 கிலோ ஆள் ஆறரை அடி உயரம் இருந்தால் காற்றில் விரிந்து படுக்க இடம் அதிகம், காற்று சுலபமாகத் தூக்கும். குள்ளமாக இருந்தால் அதே எடையைத் தூக்க இன்னும் வேகமான காற்று வேண்டும். வேகம் கூடக்கூட, காலை ஒரு அங்குலம் தப்பாக மடக்கினாலும் ஆள் சுவரில் போய் மோதுவான், அல்லது சட்டென்று மேலே போய்ப் பொத்தென்று வலையில் விழுவான். அப்போது உள்ளே இருக்கும் ஒரே ஒரு பயிற்சியாளர்தான் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டும். அவர் எங்கள் அண்ணனில் பாதி இருந்தார். அவரைப் பார்த்ததும் அண்ணனுக்கே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், அதற்கு மேல் பேசவில்லை.

அடுத்து நான். எனக்கு 74 கிலோ, மெஷின் பக்கமே போகச் சொல்லவில்லை. படிவத்தை மட்டும் நீட்டினார்கள். கர்ப்பமா, இதயக் கோளாறா, கழுத்து முதுகு பிரச்சினையா என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் ஒரு கேள்வி: முன்பு எப்போதாவது தோள்மூட்டு விலகியிருக்கிறதா?

விலகியிருக்கிறது. கல்லூரியில் கபடி ஆடும்போது இடது தோள். இருபது வருஷம் ஆகிறது, இப்போது பாரம் தூக்குவேன், பைக் ஓட்டுவேன், ஒன்றும் இல்லை. பேனா "இல்லை"க்கு மேலே நின்றது. நிஜமாகச் சொல்கிறேன், டிக் அடிக்கத்தான் போனேன். யாருக்குத் தெரியப் போகிறது? தோளுக்குத் தராசு கிடையாது. அப்புறம் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தேன். அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரே அவர்தான். "டேய், உனக்கு தோள்..." என்று ஆரம்பித்தார். சரி என்று "ஆம்" போட்டேன். முடிந்தது கதை, நானும் வெளியே.

அதற்கும் காரணம் கேட்டேன். காற்றில் படுக்கும்போது கைகளை இரண்டு பக்கமும் முழங்கையை மடக்கி விரித்து வைக்க வேண்டும், கீழிருந்து காற்று கையை மேலும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒருமுறை விலகிய தோள் மறுபடி விலகுவதற்கு இதைவிட வசதியான கோணம் கிடையாது. அதுவும் குழாய்க்குள், காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது, காதில் அடைப்பான் போட்டிருக்கும்போது, நான் கத்தினால்கூட யாருக்கும் கேட்காது.

இந்தக் கப்பல் என்றில்லை, எந்தக் கப்பலுக்கும் பொருந்தும் விஷயம் இது. எடையையும் உயரத்தையும் மட்டும்தான் அவர்களால் சோதிக்க முடியும். எடைக்கு மெஷின் இருக்கிறது, உயரத்தை ஒரு குச்சி வைத்துப் பார்ப்பார்கள். மற்ற எல்லாமே, தோள், முதுகு, இதயம், பிரஷர், ஆபரேஷன், நாம் சொல்வதை நம்பித்தான் நடக்கிறது. நம்மவர்கள் எடை பார்ப்பதற்கு அவமானப்பட்டுச் சண்டை போடுகிறோம், ஆனால் ஸ்டென்ட் வைத்ததை மறைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு "ஒண்ணும் ஆகாது" என்று உள்ளே போகிறோம். இரண்டில் எது ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் இருப்பது ஒரு சின்ன மருத்துவ மையம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அடுத்த துறைமுகம் வர வேண்டும்.

கடைசியில் பறந்தது யார் தெரியுமா? வரவே மாட்டேன் என்று சொன்ன மனைவியும், மூன்று வயது தாண்டினாலே போதும் என்கிற விதியால் மகளும். உள்ளே பேச்சு கேட்காது என்பதால் கை சைகைகள் சொல்லித் தருகிறார்கள். இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்டு, இரண்டு விரலை மடக்கினால் காலை மடக்கு, கட்டை விரலும் சுண்டு விரலும் காட்டி ஆட்டினால் உடம்பைத் தளர்த்து. மனைவிக்கு அந்த மூன்றாவது சைகையைத்தான் ஒரு நிமிடமும் காட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் காகிதம் மாதிரி மேலே போனாள். நானும் அண்ணனும் கண்ணாடிக்கு வெளியே நின்று கை தட்டினோம்.

மகளுக்கு ஏமாற்றம் காத்திருந்தது ஃப்ளோரைடரில். சரிவான மெத்தை மேல் தண்ணீரைப் பாய்ச்சி அலை மாதிரி ஆக்கிப் பலகையில் சறுக்கும் விளையாட்டு. 2006-லேயே ஃப்ரீடம் ஆஃப் தி சீஸில் வந்தது, இப்போது இவர்களின் பல கப்பல்களில் இருக்கிறது. படுத்துக்கொண்டு சறுக்க 52 அங்குலம், நின்றுகொண்டு சறுக்க 58 அங்குலம் உயரம் வேண்டும், அதாவது 132, 147 சென்டிமீட்டர். அவள் 127. குதிகாலை உயர்த்திப் பார்த்தாள், அவர்கள் தினமும் நூறு குதிகால் பார்ப்பவர்கள். அழுதாள். பெரியப்பாவும் மகளுமாக ஐஸ்கிரீம் இயந்திரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள், ஒருவருக்குக் கூடுதல், ஒருவருக்குக் குறைவு.

ஸ்கை பேட் என்று இன்னொன்று உண்டு. விஆர் கண்ணாடி மாட்டி, ரப்பர் கயிற்றில் கட்டிக் குதிக்க விடுவது. கூட்டம், நாங்கள் போகவில்லை. இந்த வகைக் குதிப்பில் எடை பார்ப்பது தடுப்பதற்கு மட்டும் இல்லை, ஆளின் கனத்துக்குத் தகுந்த மாதிரி ரப்பர் கயிறுகளைக் கூட்டிக் குறைப்பதற்கும்தான். அங்கே போய் ஐந்து கிலோ குறைத்துச் சொன்னால் நமக்குத்தான் நஷ்டம்.

நார்த் ஸ்டார் அருமை. கண்ணாடிக் கூண்டில் 14 பேர் வரை நின்றுகொள்ள, நீளமான கை ஒன்று கடல் மட்டத்திலிருந்து 300 அடி உயரத்துக்குத் தூக்கிப் போகும். குலுக்கல் இல்லை, குதிப்பது இல்லை, அண்ணன் முதல் ஆளாக ஏறினார். இங்கே எஜமானன் காற்றுதான், பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு முதல் நாள் ரத்து, மூன்றாம் நாள் கிடைத்தது. அதனால் நேரத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

வேறு கப்பல் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதே கம்பெனியின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் ஜிப்லைன் இருக்கிறது, ஒன்பது தளம் உயரத்தில் 82 அடி தூரம். அதற்கு 75 பவுண்டுக்குக் கீழேயும் கூடாது, 275-க்கு மேலேயும் கூடாது, அதாவது 34 முதல் 125 கிலோ. ஐஃப்ளையில் மறுக்கப்பட்ட எங்கள் அண்ணன் அதில் தாராளமாகப் போகலாம், காற்று போல் பறந்த மகள் போக முடியாது, அவள் 25 கிலோ. ரொம்ப லேசானவர்கள் வேகம் போதாமல் கயிற்றின் நடுவிலேயே நின்றுவிடுவார்கள், ரொம்பக் கனமானவர்கள் அந்தப் பக்கம் பிரேக் தாங்காத வேகத்தில் போய்ச் சேருவார்கள். ஆகவே ஒரு விளையாட்டில் மறுத்துவிட்டார்கள் என்று எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. கிளம்பும் முன் கப்பல் கம்பெனியின் தளத்தில் அந்தந்த விளையாட்டின் பெயரைப் போட்டு நீங்களே படியுங்கள். பவுண்டும் அங்குலமுமாக இருந்தால் ஒரு காகிதத்தில் கிலோவாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் எடை பார்க்கும்போது உடுப்போடு, சாப்பிட்ட பிறகு பாருங்கள், எல்லைக்கு மூன்று கிலோ உள்ளே இல்லையென்றால் நம்பிப் போகாதீர்கள். தாலி, செயின், மூக்குத்தி, கண்ணாடி எல்லாம் கழற்றச் சொல்வார்கள் என்பதையும் வீட்டுப் பெண்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், தாலியைக் கழற்றுவதா என்று கவுன்டரில் நின்று யோசிப்பதற்கு நேரம் இருக்காது. என் மனைவி டேப் ஒட்டி உடுப்புக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், கடைசியில் கழற்றி என் பாக்கெட்டில்தான் வந்தது.

மதிப்பெண்: கப்பலின் விளையாட்டு ஊழியர்களுக்கு ஐந்துக்கு ஐந்து. இரண்டு பேரை மறுத்தார்கள், ஒரு குழந்தையை அழவைத்தார்கள், ஒருமுறைகூட எரிச்சலாகப் பேசவில்லை. ஐஃப்ளைக்கு மனைவி ஐந்து கொடுக்கிறார், நான் பார்த்ததோடு சரி. ஏஜென்ட்டுக்குப் பூஜ்யம். திரும்பி வந்ததும் அண்ணனுக்கும் எனக்கும் வாங்கிய சாகசப் பணத்தைக் கேட்டேன். "கப்பல்காரன் மறுத்தா நாங்க என்ன சார் பண்ண முடியும்" என்றார். எடை வரம்பு உண்டு என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே என்றேன். "அதெல்லாம் கேட்டா கஸ்டமர் கோவிச்சுக்குவாங்க" என்றார். பாதிப் பணம் மூன்று மாதம் கழித்து வந்தது.

மகள் வீட்டு வாசற்காலில் 132-ல் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் பெரியப்பா 104 என்றும் எழுதியிருக்கிறாள். அண்ணன் வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போகிறார்.