ரிமோட் ஐடி மாட்யூலும் 400 அடிக் கோடும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிய வருபவை

அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக மாடல் விமானம் பறக்கவிடுபவர்களுக்கான விதிகளில் பாதி ஒரே மாலையில் முடிந்துவிடும். 5 டாலர் கட்டி எஃப்ஏஏ-வின் (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) ட்ரோன்சோன் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், ட்ரஸ்ட் என்ற பாதுகாப்பு அறிவுத் தேர்வை இலவசமாக எழுத வேண்டும், அவ்வளவுதான். மீதிப் பாதி ஒவ்வொரு முறை பறக்கும்போதும் கூடவே வருகிறது: விமானத்தின் அடையாளத்தை ஒலிபரப்பியபடி உள்ளே உட்கார்ந்திருக்கும் ரிமோட் ஐடி மாட்யூல், தாண்டக் கூடாத எல்லையாகத் தலைக்கு மேலே 400 அடியில் ஒரு கோடு. கடையில் வாங்கிய ஃபோம் விமானத்தை ஓட்டுபவருக்கு இவை பெரிய தொல்லையில்லை. பால்சா என்ற இலேசான மரத்தில் தானே கட்டுபவருக்கும் கிளைடர்காரருக்கும்தான் சுமை கூடுகிறது.

முதலில் காகித வேலை. பதிவு 3 ஆண்டுகளுக்குச் செல்லும். பொழுதுபோக்குப் பிரிவில் ஒரே எண்ணை எல்லா விமானங்களிலும் எழுதிக்கொள்ளலாம். 2019 பிப்ரவரி 25 முதல் அந்த எண் வெளிப்புறத்தில் தெரிய வேண்டும், பேட்டரி அறைக்குள் எழுதினால் செல்லாது. குளோ எஞ்சின் வைத்திருப்பவர்கள் மார்க்கரால் எழுதினால் சில நாளில் எண் கரைந்துவிடும். எரிபொருளில் இருக்கும் மெத்தனால் அந்த மையைக் கரைக்கிறது. அச்சடித்த லேபிளை ஒட்டி, மேலே தெளிவான டேப்பை ஓரம் வரை அழுத்தி ஒட்டினால் நிற்கும். ட்ரஸ்ட் சான்றிதழை இறக்கியவுடன் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். தேர்வு நடத்தும் நிறுவனங்கள் பிரதி வைத்திருப்பதில்லை, தொலைத்தால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

250 கிராமுக்குள் இருக்கும் விமானத்துக்குப் பதிவும் வேண்டாம், ரிமோட் ஐடியும் வேண்டாம். விதியில் இருக்கும் அளவு 0.55 பவுண்டு, அதாவது 249.5 கிராம். பேட்டரியோடு, புறப்படும் நிலையில் உள்ள எடைதான் கணக்கு. 2 செல் பேட்டரியில் 240 கிராம் இருந்த விமானம் 3 செல் போட்டதும் எல்லையைத் தாண்டிவிடுவது சகஜம். சமையலறைத் தராசு 250 காட்டினால் தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி மாட்யூல். ரிமோட் ஐடி விதி 2021-இல் வந்தது, 2023 செப்டம்பர் 16-இல் கட்டாயமானது. மாட்யூல்கள் சந்தையில் சரியாகக் கிடைக்காததால் நடவடிக்கையை 2024 மார்ச் 16 வரை தள்ளி வைத்தார்கள். மாட்யூல் நொடிக்கு ஒரு முறையாவது தன் சீரியல் எண், இருக்கும் இடம், உயரம், வேகம், புறப்பட்ட இடம், நேரம் ஆகியவற்றை வைஃபை அல்லது புளூடூத்தில் ஒலிபரப்பும். உங்கள் பெயர் அதில் வராது. சீரியல் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எஃப்ஏஏ-வாலும் அதிகாரம் பெற்றவர்களாலும் மட்டுமே முடியும்.

பொருத்தும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சந்தையில் உள்ள பல மாட்யூல்கள் 10 முதல் 30 கிராம் வரை இருக்கின்றன. அற்பமாகத் தோன்றும். ஆனால் 1,200 கிராம் விமானத்தில் 15 கிராம் மாட்யூலை சிஜி-க்கு (ஈர்ப்பு மையம், விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளி) 50 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால் சிஜி 6 மில்லிமீட்டர் பின்வாங்கும். சிஜி-யை ஏற்கெனவே பின் எல்லையின் ஓரத்தில் வைத்து டியூன் செய்த கிளைடருக்கு அது போதும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் பதற்றமாகிவிடும். அதனால் வாலை மறந்துவிட்டு, இறக்கைக்குப் பின்னே முதுகுப் பகுதியிலோ கேனோபி என்ற மேல்மூடிக்கு உள்ளேயோ இடம் தேடுங்கள். ஜிபிஎஸ் ஆண்டெனாவின் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். மேலே கார்பன் ஃபைபர், உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் எதுவும் இருக்கக் கூடாது. கார்பனால் ஆன ஃபியூஸ்லேஜுக்குள் (விமானத்தின் உடற்பகுதி) வைத்தால் ஜிபிஎஸ் உள்ளே வராது, ஒலிபரப்பு வெளியே போகாது. பால்சா, ஃபோம், கிளாஸ் ஃபைபர் மூன்றும் தடை செய்வதில்லை. முழுக் கார்பன் கிளைடரில் ரேடியோ அலை ஊடுருவும் மூக்குக்கூம்பு இருந்தால் அதுதான் ஒரே நல்ல இடம்.

மின்சாரத்தில் ஒரு பொறி இருக்கிறது. ரிசீவரில் காலியாக உள்ள சேனலில் செருகினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ரிசீவருக்கு 5 வோல்ட் போனால் சரி. ஹை வோல்டேஜ் சர்வோக்களுக்காக (இறக்கை, வால் தகடுகளை அசைக்கும் சிறு மோட்டார்கள்) பெக்கை, அதாவது ரிசீவருக்கு மின்சாரம் தரும் சீராக்கியை, 7.4 வோல்ட்டில் வைத்திருந்தால், 5 வோல்ட் மட்டும் தாங்கும் மாட்யூல் புகைந்துவிடும். செருகுவதற்கு முன் மல்ட்டிமீட்டரில் ஒரு முறை அளந்து பாருங்கள்.

மாட்யூல் ஒலிபரப்புவதும் 2.4 கிகாஹெர்ட்ஸில், ரிசீவர் கேட்பதும் பெரும்பாலும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில். இரண்டு ஆண்டெனாக்களும் ஒட்டி இருந்தால் ரிசீவரின் காதருகே யாரோ பேசிக்கொண்டே இருப்பது போலாகும். முடிந்த வரை இடைவெளி விடுங்கள், ரிசீவர் ஆண்டெனா ஒன்றையாவது மாட்யூலுக்கு எதிர்ப்பக்கம் கொண்டு போங்கள். பிறகு ரேஞ்ச் செக். ட்ரான்ஸ்மிட்டரைக் குறைந்த சக்தி நிலையில் வைத்து, மாட்யூலைக் கழற்றி ஒரு முறையும் மாட்டி ஒரு முறையும் நடந்து பாருங்கள். விமானத்தை நான்கு திசையும் திருப்பிப் பார்ப்பது முக்கியம். மாட்டியபோது எட்டும் தூரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தால் அந்த இடம் வேண்டாம். இந்த ஒரு சோதனையை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. விமானம் கையை விட்டுப் போனால் விதியைக் காப்பாற்றி என்ன பயன்?

தினசரிப் பயன்பாட்டில் அதிகம் பொறுமையைச் சோதிப்பது ஜிபிஎஸ் ஃபிக்ஸ், அதாவது மாட்யூல் தன் இடத்தைக் கண்டுபிடிப்பது. செயற்கைக்கோளின் துல்லியமான பாதைத் தகவல் வந்து சேரவே 30 நொடி பிடிக்கும். திறந்த வெளியில் முதல் முறை இரண்டு மூன்று நிமிடம் ஆவது இயல்பு. மரத்தடியிலோ கார் கூரைக்குப் பக்கத்திலோ வைத்தால் இன்னும் இழுக்கும். நினைவைக் காக்கும் சிறு பேக்கப் பேட்டரி உள்ள மாட்யூல் என்றால் பேட்டரி மாற்றிய பின் சில நொடியில் தயாராகிவிடும். வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான், எடையைக்கூட அப்புறம் பார்க்கலாம். தொடக்கச் சோதனை முடிந்ததாக மாட்யூல் விளக்கு சொல்லும் வரை புறப்படக் கூடாது. பறக்கும்போது அது பழுதாகிவிட்டதாகத் தெரிந்தால் சீக்கிரம் இறக்க வேண்டும். சில மாட்யூல்கள் முதல் ஃபிக்ஸ் கிடைத்த இடத்தையே புறப்பட்ட இடமாகப் பதிகின்றன. அதனால் காருக்கருகே மின் இணைப்புக் கொடுத்துவிட்டு ஓடுபாதைக்கு நடக்காமல், புறப்படும் இடத்தில் வைத்தே இணையுங்கள்.

ஒலிபரப்பு போகிறதா என்று போனில் சரிபார்க்கும்போது இரண்டு குழப்பம் வரும். ஆண்ட்ராய்டில் வைஃபை ஸ்கேனுக்கு இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறை என்ற கட்டுப்பாடு உண்டு. அதனால் வைஃபையில் ஒலிபரப்பும் மாட்யூல் அரை நிமிடத்துக்கு ஒரு முறைதான் தலைகாட்டுவது போலத் தெரியும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் வைஃபை ஸ்கேன் த்ராட்லிங்கை அணைத்தால் சரியாகும். இரண்டாவது, உயரம். தரையில் இருக்கும் விமானத்துக்கு மைனஸ் 25 மீட்டர் என்று காட்டினால் மாட்யூலைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அது சொல்வது டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணித நீள்வட்டத்திலிருந்து எடுத்த உயரம். அமெரிக்கப் பெருநிலத்தில் அந்த நீள்வட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓடுகிறது, பல இடங்களில் 30 மீட்டர் அளவுக்கு. கடலோரக் களங்களில் எதிர்மறை எண் வருவதுதான் சரி.

ஆகவே 400 அடியைக் காக்க மாட்யூலின் எண் உதவாது. அதற்குத் தனி வழி வேண்டும். 400 அடி என்பது 122 மீட்டர். 1.4 மீட்டர் இறக்கை நேர் தலைக்கு மேல் அந்த உயரத்தில் இருந்தால், கையை நீட்டிப் பிடிக்கும்போது சுண்டுவிரல் நகத்துக்குள் மறைந்துவிடும். முழுநிலவை விடச் சற்றுப் பெரிய உருவம். இந்த அளவை ஒரு முறை கண்ணில் பதித்துக்கொண்டால் பவர் விமானம் ஓட்டுபவருக்குப் போதும், அவர்கள் பெரும்பாலும் பாதி உயரத்துக்கே போவதில்லை.

கிளைடருக்கு அது போதாது. சுமாரான தெர்மல் (மேலெழும் வெப்பக் காற்று) நொடிக்கு 2 மீட்டர் தூக்கும். 60 மீட்டரில் வட்டமிடத் தொடங்கினால் அரை நிமிடத்தில் கோட்டைத் தொட்டுவிடும். உயரமானியுடன் கூடிய வேரியோ சென்சார் (ஏறும், இறங்கும் வேகத்தைச் சொல்வது) அவசியம். குரல் அறிவிப்பை 100 மீட்டரில் வையுங்கள். மோட்டாரில் நொடிக்கு 8 மீட்டர் ஏறும் கிளைடர் அந்த 100-க்குப் பின் மூன்று நொடிக்குள் எல்லையில் நிற்கும், எனவே மோட்டார் அணைவது 90-இல் இருக்கட்டும். சென்சார் மின் இணைப்பு கொடுத்த கணத்தின் காற்றழுத்தத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் 8 மீட்டர் ஏறியதாகக் காட்டும். நீண்ட பறப்பு முடிந்து தரையில் 8 காட்டுகிறது என்றால் சென்சாரில் பழுதில்லை, வானிலை மாறியிருக்கிறது. ஃபியூஸ்லேஜுக்குள் காற்று பாயும் இடத்தில் சென்சார் இருந்தாலும் எண் ஆடும். சிறு ஃபோம் துண்டால் மூடுங்கள். கோட்டை நெருங்கியதும் மூக்கைக் குத்தி இறங்க வேண்டாம், அதிவேகத்தில் இறக்கை படபடத்து (ஃப்ளட்டர்) முறியும். இறக்கைத் தகடுகளை எதிரெதிராகத் திருப்பித் தடுக்கும் குரோ பிரேக்கை முழுதாக இழுத்து தெர்மலை விட்டு வெளியே வாருங்கள்.

மலைச்சரிவில் பறப்பவர்கள் நிலைதான் எனக்கு வருத்தம் தருகிறது. அமெரிக்க விதி விமானத்துக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அளக்கிறது. பள்ளத்தாக்கு 150 மீட்டர் ஆழமுள்ள விளிம்பில் நின்று, கண்மட்டத்தில் சற்று வெளியே ஓட்டினாலே எல்லை மீறிவிடும், விமானம் உங்கள் காலுக்குக் கீழே இருந்தாலும்கூட. ஐரோப்பிய விதி மிக அருகிலுள்ள நிலப்பரப்பிலிருந்து 120 மீட்டர் என்று அளப்பதால் சரிவும் கணக்கில் வருகிறது. 10 கிலோவுக்குக் குறைவான கிளைடர் ஓட்டுபவருக்கு மேலே 120 மீட்டர் வரை இருக்கலாம் என்று தனியாகவும் சொல்லியிருக்கிறார்கள். மலையில் நிற்கும் மனிதரை நினைத்து எழுதிய வரி அது.

விமான நிலையத்துக்கு அருகே, கட்டுப்பாட்டு வான்வெளியில், எஃப்ஏஏ-வின் தானியங்கி அனுமதி முறையான லான்ஸ் செயலி மூலம் முன்அனுமதி வேண்டும். வரைபடச் சதுரங்களில் 0, 50, 100 என்று 400 வரை உச்ச உயரம் போட்டிருப்பார்கள். சதுரத்தின் எண்ணுக்குள் கேட்டால் நொடிகளில் அனுமதி வந்துவிடும். 0 போட்ட சதுரத்தில் தானியங்கி அனுமதியே கிடையாது. புதிய களம் தேடுபவர் நிலத்தைப் பார்க்கப் போவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள். கட்டுப்பாடற்ற கிளாஸ் ஜி வான்வெளியில் அனுமதி வேண்டாம், ஆனால் தற்காலிகத் தடை அங்கும் வரும். அதிபர் வருகையின்போது 30 கடல்மைல் வட்டம் போடுவது வழக்கம். 30,000 பேர் அமரும் அரங்கில் பெரிய லீக் ஆட்டம் என்றால் 3 கடல்மைல், ஆட்டத்துக்கு ஒரு மணி முன்பிருந்து முடிந்து ஒரு மணி வரை. முந்தின இரவு பார்த்தது போதாது, காலையில் கிளம்பும்போதும் பாருங்கள்.

உங்கள் கிளப்பின் களம் ஃப்ரியா (ரிமோட் ஐடி இல்லாமல் பறக்க எஃப்ஏஏ ஏற்ற இடம்) அங்கீகாரம் பெற்றிருந்தால் அந்த எல்லைக்குள் மாட்யூல் தேவையில்லை. ஓட்டுபவரும் விமானமும் இரண்டும் உள்ளே இருக்க வேண்டும். அங்கீகாரம் 48 மாதங்களுக்கே செல்லும், புதுப்பித்தாயிற்றா என்று கிளப் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல பழைய விமானங்கள் வைத்திருந்து ஒரே களத்தில் பறப்பவருக்கு இதுவே போதும். ஊர் ஊராகப் போய் பறப்பவர் நல்ல மாட்யூல் ஒன்று வாங்கி, ஒவ்வொரு விமானத்திலும் வெல்க்ரோவும் இணைப்பு வயரும் முன்கூட்டியே வைத்துவிட்டால் மாற்றி மாட்ட ஒரு நிமிடம். மாட்டி முடித்ததும் சிஜி-யை விரல் நுனியில் ஒரு முறை தூக்கிப் பார்க்க வேண்டும். மாட்யூல் உடைந்து புதியது வாங்கினால் பழைய சீரியல் எண்ணை ட்ரோன்சோனிலிருந்து நீக்கி, புதியதைச் சேர்த்த பிறகே பறக்கவிடுங்கள்.