கம்ப்யூட்டரா, தனி பிளேயரா? கடலோர வீட்டில் நீண்ட நாள் பாட்டுக் கேட்டதில் தெரிந்தவை

வட சென்னைக் கடலோரத்தில், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் தனி மியூசிக் பிளேயருக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன் வீட்டு எர்த்தைப் பார்த்துவிட வேண்டும். கம்ப்யூட்டரில் பாட்டு மட்டமாகக் கேட்டால் உடனே உள்ளே இருக்கும் சவுண்ட் சிப்பைத்தான் குறை சொல்கிறோம். பல வீடுகளில் கோளாறு கரண்டில் இருக்கிறது.

லேப்டாப்பை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமைக் கூட்டுங்கள். 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் சார்ஜரைக் கழற்றுங்கள். ஹம் நின்றதா, அப்போது சிக்கல் சார்ஜர் வழியாக வருகிறது. இரைச்சலை அடக்கச் சார்ஜருக்குள் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள் வழியே கொஞ்சம் கரண்ட் கசியும். அது எர்த்தில் இறங்கிவிட வேண்டும். பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. இறங்க வழியில்லாத கரண்ட் ஆடியோ ஒயரில் ஏறிவிடுகிறது. லேப்டாப்பின் மெட்டல் பாடியைத் தொட்டால் சுர்ரென்று இருப்பதும் இதனால்தான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். எர்த் ஒழுங்காக இருந்தும் ஹம் வந்தால், லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு சாக்கெட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். எர்த் பின்னைப் பிடுங்கி ஹம்மை நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. அது உயிருக்கு ஆபத்து, செய்யவே கூடாது.

அடுத்தது விண்டோஸ். சிடியில் சத்தம் நொடிக்கு 44,100 முறை அளந்து பதிவாகியிருக்கும், இந்த 44.1 கிலோஹெர்ட்ஸ்தான் அதன் சாம்பிள் ரேட். எல்லா மென்பொருளின் சத்தத்தையும் கலக்கும் விண்டோஸ் மிக்ஸர் அவற்றை ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாற்றித்தான் வெளியே விடும், பல கம்ப்யூட்டர்களில் அது 48. ஃபூபார் 2000 என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளின் செட்டிங்கில் அவுட்புட் டிவைஸை 'எக்ஸ்க்ளூசிவ்' என்று போட்டிருப்பதாகத் தேர்ந்தெடுத்தால் மிக்ஸரைத் தாண்டிப் போய்விடலாம். இதனால் தொனியில் வரும் வித்தியாசம் மிகச் சின்னது. பாட்டுக்கு நடுவே மெயில் மணி அடிக்காது என்பதுதான் உண்மையான லாபம். சவுண்ட் பிராபர்ட்டீஸில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' ஆனில் இருந்தால் முதலில் அதை ஆஃப் செய்யுங்கள். அந்த வித்தியாசம் காதுக்கே தெரியும். மவுஸை நகர்த்தும்போது இயர்போனில் கரகரப்பு வந்தால் ஒரு சின்ன யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் பாட்டைக் கம்ப்யூட்டருக்கு வெளியே சத்தமாக மாற்றும் கருவி) போதும்.

தனி பிளேயர் பேட்டரியில் ஓடுவதால் ஹம் என்ற பேச்சே கிடையாது. கரண்ட் போனாலும் பாடும், கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் போகும்போதும் பாடும். ஆனால் தமிழ் என்று வந்தால் பல பிளேயர்கள் தடுமாறுகின்றன. எழுத்தைக் கோத்துக் காட்டும் வசதி மென்பொருளில் இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், 'கொ' தனித்தனித் துண்டாகத் தெரியும். வாங்கும் முன் 'கொக்கு', 'சௌந்தர்யம்' என்று பெயர் வைத்த இரண்டு ஃபைல்களை மெமரி கார்டில் எடுத்துப் போய்க் கடையிலேயே போட்டுப் பாருங்கள். பழைய எம்பி3-களில் பெயர் திஸ்கியில் (TSCII, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்து முறை) இருந்தால் எந்த பிளேயரிலும் கிறுக்கலாகத்தான் வரும். கம்ப்யூட்டரில் எம்பி3டேக் (Mp3tag) என்ற, பாட்டு விவரங்களைத் திருத்தும் மென்பொருளைப் போட்டு யூனிகோடில் திரும்ப அடித்து, அதன் செட்டிங்கில் ஐடி3 2.3, யூடிஎஃப்-16 (ID3v2.3 UTF-16) என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர்தான் வசதி. அதனால் பாட்டுகளைச் சேர்த்து ஒழுங்கு பண்ண கம்ப்யூட்டர், கேட்க பிளேயர் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

கல்யாண மேடையிலும் சாவு வீட்டிலும் போனில் பிடித்த கானா பதிவுகளுக்காக விலை உயர்ந்த பிளேயர் வாங்க வேண்டாம். பதிவாகும்போதே உடைந்துபோன சத்தத்தை எந்த பிளேயராலும் ஒட்ட வைக்க முடியாது.

பிளேயருக்கு இங்கே பெரிய எதிரி உப்புக் காற்று. 3.5 மில்லிமீட்டர் ஜாக் மங்கி, ஒரு பக்கம் மட்டும் பாட ஆரம்பிக்கும். பிளேயரை ஆஃப் செய்துவிட்டு, இயர்போன் பின்னை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு நாலைந்து முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேட்காத நேரத்தில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டு வையுங்கள். முழுச் சார்ஜோடு மே மாத வெயில் அடிக்கும் அலமாரியில் கிடந்தால் பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கிவிடக்கூடும்.